ரெண்டு சாண், நாலு விரல்

புதிதாக யாரைப் பார்த்தாலும் அக்காவின் கண் நேராக முழங்காலுக்குத்தான் போகும். அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு இடுப்பு, முழங்கை, தோள் என்று மெதுவாக மேலேறிக் கடைசியில் முகத்துக்கு வரும். அதற்கப்புறம்தான் "வா, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்பாள். பழகாத பெண்கள் அந்தப் பார்வைக்குச் சேலையை இழுத்துச் சரிசெய்துகொள்வார்கள். ஆண்கள் ஒரு அடி பின்னால் போவார்கள். அவள் யாரையும் தப்பாகப் பார்க்கவில்லை. இந்த ஆள் உட்கார எவ்வளவு உயரத்தில் பலகை வேண்டும், உட்கார்ந்தபடி கை நீட்டினால் எதுவரை எட்டும் என்று மனசுக்குள் அளந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டி, ரயில் பாதைக்கும் ஒரு உருக்காலையின் பின்மதிலுக்கும் நடுவில் ஏழு வீடுகள் ஒரே வரிசையாக இருந்தன. எங்களுடையது ஐந்தாம் நம்பர். அக்காவுடையது நாலாம் நம்பர். வாக்காளர் அட்டையில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்த வரிசையில் எல்லோருக்கும் அவள் அக்காதான், வயதில் மூத்தவர்களுக்கும். அங்கே கொடியில் காயப் போட்ட துணியில் சாயங்காலத்துக்குள் மெல்லிய கருந்தூசி படிந்துவிடும். அதைத் திட்டாத நாளில்லை. ஆனால் அதே தூசி ஐந்து மணி வெயிலில் மிதக்கும்போது வரிசை முழுக்கத் தண்ணீருக்கடியில் இருப்பதுபோலத் தோன்றும். ஆட்கள் மெதுவாக நடப்பார்கள். குரல்கள் தூரத்திலிருந்து வரும். அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெளிச்சத்தோடு சேர்த்துத்தான் நினைவு வருகிறது.

நான் ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பெண். என் கணவர் ஸ்டீபன் கும்மிடிப்பூண்டிக்காரர். அவருடைய அப்பா அம்மா கழனி வேலை செய்தவர்கள். இவர் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டினார். நாங்கள் கல்யாணம் செய்துகொண்டதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேராக இந்த ஐந்தாம் நம்பருக்கு வந்தோம். கையிலிருந்தது அட்வான்சுக்கே சரியாகப் போய்விட்டது. ஒரு பாய், ஒரு ஸ்டவ், நாலு பாத்திரம், ஒரு பக்கெட். இதுதான் குடித்தனம். இது போதாதென்று, சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது என்று ஹவுஸ் ஓனர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

வெறும் வீட்டில் டம்ளரைக் கீழே வைத்தால்கூடச் சத்தம் சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி வரும். ஸ்டீபன் ஷிப்டுக்குப் போன பிறகு நான் தரையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். பத்தாம் நாளோ பதினொன்றாம் நாளோ, கதவுப் பக்கம் நிழல் விழுந்தது.

"இன்னாமே, ஊடு இப்டி கூவுது?"

அவள் கேட்டதும் எதிரொலித்தது. உள்ளே வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"எழுந்திரு. அந்த பக்கெட்ட கவுத்துப் போட்டு அது மேல குந்து."

யார், என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. உட்கார்ந்தேன். அவள் என் எதிரில் மண்டியிட்டு, குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்புவரை கையைச் சாணாக விரித்து அளந்தாள். கை கரடுமுரடாக இருந்தது. ஆனால் தொட்டவிதம் அத்தனை மெதுவாக இருந்தது. வீட்டை விட்டு வந்த பிறகு ஸ்டீபனைத் தவிர என்னைத் தொட்ட முதல் ஆள் அவள்தான்.

"ரெண்டு சாண், ஒரு விரலு. எந்த ஊரு நீ?"

"ஆர்.கே.பேட்டை."

"சரி, ஆர்கேபேட்ட. வர்ற ஞாயித்துக்கெழம உனுக்கு நாற்காலி."

அந்த வரிசையில் இருந்தவரை எனக்கு வேறு பெயர் இல்லை.

அக்கா மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். சரக்கை அடுக்கி அனுப்பும் மரத்தட்டுகளை அங்கே பேலட் என்பார்கள். அதில் உடைந்தவை, பெட்டியைச் சுற்றிக் கட்டிவரும் பிளாஸ்டிக் பட்டை, அட்டைக் குழாய், கண்ணாடிச் சாமான்களுக்கு நடுவில் வைக்கும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள், இதெல்லாம் காயலான் கடைக்குப் போகும். போகும் முன் சூப்பர்வைசரிடம் கேட்டு, கேட் பாஸில் எழுதி வாங்கி, சைக்கிளில் கட்டி எடுத்து வருவாள். எழுதாமல் ஒரு துண்டுக் கயிறும் வராது. ஒருநாள் புது வாட்ச்மேன் ஒருவர் சந்தேகமாகக் கேட்டதற்கு, கட்டியிருந்த அத்தனையையும் பிரித்து ரோட்டில் பரப்பி வைத்து, "எண்ணிக்கோ நைனா, எனக்கு டைம் கீது" என்று ஓரமாக உட்கார்ந்துவிட்டாளாம். அவரே கட்டிக் கொடுத்து அனுப்பினாராம்.

மரத்தைக் கையில் எடுத்ததும் மோந்து பார்ப்பாள். மருந்து வாடையோ எண்ணெய் வாடையோ அடித்தால் தூர வைத்துவிடுவாள். அதில் சில கட்டைகள் கப்பலில் வந்தவை. புரியாத எழுத்தில் முத்திரை குத்தியிருக்கும். அவற்றை இழைக்கும்போது குளிர்ச்சியான ஒரு வாசம் வரும். "இது பனி பேயற ஊரு மரம்மே, மோந்து பாரு" என்று என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். சித்திரை வெயிலில், அனல் அடிக்கும் மதிலோரத்தில் நின்றுகொண்டு நான் கண்ணை மூடி மூச்சை இழுப்பேன். எங்கேயோ ஒரு மலையில் நிற்பதுபோல இருக்கும். கண்ணைத் திறந்தால் அக்கா உப்புத்தாளால் மரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

பழவேற்காடு ஏரியில் மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்தவள் அவள். வலையின் கண்ணை விரல் வைத்து அளந்து பின்னுகிற வீடு. அதனால் சாணும் விரலும்தான் கணக்கு. ஸ்டீபன் கம்பெனியிலிருந்து இரும்பு டேப் ஒன்று வாங்கி வந்து கொடுத்தார். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"டேப்பு மரத்த அளக்கும்பா. ஆள அளக்காது."

சொன்னபடி அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலி வந்தது. மரச்சட்டத்தில் மஞ்சள் பட்டையை ஒயர்க்கூடை பின்னுவதுபோலப் பின்னியிருந்தாள். உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. இத்தனை வருஷமாக எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் என் குதிகால் கொஞ்சம் தூக்கிக்கொண்டே இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. ஆணி அடிக்கக் கூடாதாகையால் சுவரில் சாய்த்து வைக்கும் ஏணிபோல ஒரு அலமாரி. மேல்தட்டு என் கை எட்டும் உயரம், கீழ்த்தட்டு நான் குனியாமல் எடுக்கும் உயரம். ஜன்னல் கம்பியிலிருந்து வலை முடிச்சில் தொங்கும் மூன்று தட்டுகள், மசாலா டப்பாக்களுக்கு. பழைய லுங்கியையும் பனியனையும் கிழித்துத் திரித்துச் சுற்றிச் சுற்றித் தைத்த மிதியடி. நானும் கூட உட்கார்ந்து செய்வேன். பட்டையை எப்படி மடிப்பது, அட்டைக் குழாயை நசுங்காமல் எப்படி வளையங்களாக அறுப்பது என்று அவள் விளக்கமாட்டாள். தன் பக்கத்தில் எனக்கும் கொஞ்சம் போட்டுவிட்டுத் தன்பாட்டுக்குச் செய்வாள். ஃபோம் தாளை இதழ் இதழாக வெட்டி, அட்டை வளையத்தில் ஒட்டி, பல்பைச் சுற்றி மாட்டியது நான் தனியாகச் செய்த முதல் சாமான். விளக்கு வைக்கும் நேரத்தில் அதைப் போட்டதும் அறை முழுக்கப் பால் ஊற்றியதுபோல ஆயிற்று. ஸ்டீபன் ஷிப்டு முடிந்து வந்து வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்ற மறந்து, "இது நம்ம ஊடுதானே?" என்று கேட்டார்.

அப்போதுதான் கவனித்தேன். சத்தம் திரும்பி வரவில்லை.

ஆளுக்கு அளந்துதான் செய்வாள் என்பதில் அவளிடம் பிடிவாதமும் இருந்தது. ஓனரின் மனைவி ஒருநாள் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி, இதேபோல மூன்று பேர் உட்காரும் சோபா வேண்டும் என்றார். அவர்கள் வீட்டில் இருந்ததே இரண்டு பேர்.

"குந்தறதுக்குக் கேக்கறியா, காட்டறதுக்குக் கேக்கறியா?" என்றாள் அக்கா.

"ஏன், காட்டறதுக்குன்னா செய்யமாட்டியா?"

"காட்டறதுக்கு எத்த அளக்கறது? கடையில கீது, வாங்கிக்கோ."

அந்த வாரம் முழுக்க எங்கள் வரிசைக்குத் தண்ணீர் மோட்டார் நேரத்துக்குப் போடப்படவில்லை. எல்லோரும் அக்காவைத் திட்டினோம். நானும் திட்டினேன். அவள் அசையவில்லை.

ஆறாம் நம்பரில் ஒடிசாவிலிருந்து வந்த நாலு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் அசாத்திய உயரம். இரும்புக் கட்டிலில் படுத்தால் கால் வெளியே நீட்டிக்கொண்டு கதவு வழியை அடைக்கும். உள்ளே வருபவர்கள் இடித்துக்கொள்வார்கள். அக்கா அவரைக் கையைக் காட்டிப் படுக்கச் சொன்னாள். ஒருவருக்கொருவர் மொழி தெரியாது. மற்ற மூவரும் சிரிக்கச் சிரிக்க, அவர் கூச்சத்தோடு விறைப்பாகப் படுத்திருக்க, அக்கா சாண் போட்டு அளந்தாள். கட்டிலைக் கதவை விட்டுத் திருப்பிப் போட வைத்து, அதன் காலோடு பொருந்துகிற நீட்டுப் பலகை ஒன்று செய்து, மேலே ஃபோம் அடுக்கித் துணி தைத்துக் கொடுத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் பகல் முழுக்கத் தூங்கினார். எழுந்ததும் வீடியோ காலில் தன் அம்மாவைக் கூப்பிட்டு அக்காவைக் காட்டினார். திரையில் ஒரு வயதான பெண் கும்பிட்டார். அக்கா பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, ஃபோனை இன்னும் கீழே இறக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். அந்த அம்மாவின் முழங்கால் தெரியவில்லையாம்.

நாலாம் நம்பருக்குள் நான் போனது குடிவந்து ஒரு மாதத்துக்குப் பிறகு, வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்க. கதவைத் தள்ளியதும் எனக்குத் தலை சுற்றுவதுபோல இருந்தது. எல்லாமே வேறு உயரத்தில் இருந்தன. கண்ணாடி என் நெஞ்சுக்கு நேரே இருந்தது. மின்விசிறி சுவிட்சிலிருந்து ஒரு நைலான் கயிறு இறங்கி வந்திருந்தது. கட்டில் மட்டும் மிக உயரம், ஜன்னல் விளிம்புக்குச் சமமாக. அதன்மேல் கூரைக் கொக்கியிலிருந்து வலை முடிச்சில் பின்னிய கயிற்றேணி ஒன்று தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வா, தங்கச்சி. நீதான் ஆர்கேபேட்டயா?"

அக்காவின் கணவர். அன்றிலிருந்து எனக்கு அண்ணன். ஷெட்டுகளுக்குக் கூரை போடும் வேலை செய்தவர். நாங்கள் வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு கூரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், தலைமாட்டு ஸ்டூலில் இருந்த தண்ணீர் செம்பு ஒரு விரல் தூரத்தில் எட்டாமல் போய், அக்கா வேலையிலிருந்து வரும்வரை பகல் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாராம். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தவள் கிளறுவதை நிறுத்தினாள்.

"ஒரு விரலு" என்றாள். "ஒரே ஒரு விரலு. அந்த ஸ்டூல தள்ளி வெச்சவ நான்தான்."

அன்றைக்குத்தான் அவள் முதலில் மரத்தை அறுத்திருக்கிறாள்.

கட்டிலுக்குச் சமமான உயரத்தில் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றும் இருந்தது. பாதம் வைக்கக் கீழே ஒரு பலகை. நடுவில் வழவழப்பான கட்டையைப் போட்டால் அண்ணன் கைகளை ஊன்றித் தானே சறுக்கி நாற்காலிக்கு மாறிவிடுவார். வீட்டுக்குள் அவரால் டீ போட முடிந்தது, சவரம் செய்துகொள்ள முடிந்தது, ரேடியோவைத் திருப்ப முடிந்தது. ஆனால் வாசலுக்கு வரமாட்டார். இரண்டு படிகள் இருந்தன என்பது ஒரு காரணம். அக்கா சரிவாக ஒரு பலகை செய்து வைத்தும் வரவில்லை. பார்க்கிறவர்கள் "பாவம்" என்று சொல்லிவிடுவார்கள் என்பதுதான் நிஜமான காரணம்.

"இவ என்ன அளக்க வந்தாலே எனக்குப் பேஜாரா கீது தங்கச்சி" என்பார். "நாற்காலிக்கு அளக்கறாளா, பொட்டிக்கு அளக்கறாளான்னு தெரியல."

"வாய மூடுய்யா" என்பாள் அக்கா. ஆனால் அவள் கண் அப்போதும் அவர் முழங்கையில்தான் இருக்கும்.

மத்தியானங்களில் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பேன். அண்ணன் பாதித் தூக்கத்தில் ரேடியோவோடு சேர்ந்து முணுமுணுப்பார். அக்கா ஷிப்டு இல்லாத நாளில் பட்டை பின்னுவாள். ரயில் போனால் கயிற்றேணி லேசாக ஆடும். யாரும் எதுவும் பேசவேண்டியதில்லை. எத்தனையோ நாள் நானும் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருக்கிறேன். எழுந்தால் தலைக்குக் கீழே எதையாவது சரியான உயரத்துக்கு மடித்து வைத்திருப்பாள்.

இரண்டாம் வருஷம், தை மாதத்தில், என் தம்பி ஃபோன் செய்தான். "அம்மா பொன்னேரிக்கு ஒரு கல்யாணத்துக்கு வராங்க. அப்டியே உன் ஊட்டுக்கு வந்தாலும் வருவாங்க. ரொம்ப நேரம் நிக்கமாட்டாங்க, சொல்லிட்டன்."

கல்யாணத்துக்குப் பிறகு அம்மா என்னோடு பேசியதில்லை. ஃபோனை வைத்துவிட்டு நேராக நாலாம் நம்பருக்குப் போனேன். எனக்கு முதலில் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அம்மாவால் தரையில் உட்கார முடியாது. வருஷக்கணக்காகத் தறியில் மிதித்து மிதித்து முட்டி போய்விட்டது. என் நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமப்படுவாள். உட்காராமலேயே போய்விட்டாள் என்றால்?

அக்கா எல்லாவற்றையும் கேட்டாள். "உங்கம்மா உன்ன விட ஒசரமா?"

"என் தோள் அளவுதான் இருப்பாங்க."

"முட்டிய நான் பாக்கலியே. சரி, அவுங்க எப்டிக் குந்தி எப்டி எழுந்திரிப்பாங்க? செஞ்சு காட்டு."

முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு அம்மாவைப்போல உட்கார்ந்தேன். அம்மாவைப்போலவே எழுந்தேன். வலது கை முழங்காலை அழுத்தியது. இடது கை தானாகவே பக்கவாட்டில் போய் எதையோ தேடியது. தறி மேடையில் அந்தப் பக்கம் ஒரு தூண் இருக்கும். அதைப் பிடித்துத்தான் அம்மா எழுவாள். வாய் "முருகா" என்றது. அந்தக் குரல் அம்மாவுடையதாகவே இருந்தது. அப்படியே பாதியில் நின்றுவிட்டேன். எழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அழுகை வந்துவிட்டது.

அக்கா என்னைத் தேற்றவில்லை. என் இடது கை காற்றில் நின்ற இடத்துக்குக் கீழே தன் கையை வைத்தாள்.

"இந்த ஒசரம். எடது பக்கம் மட்டும் கைப்பிடி போதும். நாற்காலி ரெண்டு சாண், நாலு விரலு. முட்டி வலிக்கிறவுங்களுக்கு ஒசரம் வேணும்."

பதினைந்து நாளில் அது தயாராயிற்று. ஒற்றைக் கை நாற்காலி. கதவுக்கும் சமையலறைக்கும் நடுவில் திரை வேண்டுமென்று நான் வீட்டை விட்டு வந்தபோது கட்டியிருந்த புடவையை எடுத்துக் கொடுத்தேன். அம்மா கையால் நெய்தது. அக்கா கத்தரியை எடுக்கவில்லை. "இத்தப் போய் வெட்டறதா?" என்று கேட்டு, முழுப்புடவையையும் இரண்டாக மடித்து, வளையங்களில் கோத்துத் தொங்கவிட்டாள்.

அம்மா வந்தாள். கல்யாண வீட்டுப் புடவை, தோளில் பை. ஸ்டீபன் "வாங்கத்தே" என்றார். அம்மா தலையை மட்டும் அசைத்தாள். "நாலு மணி பஸ்ஸுக்குப் போவணும்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பையை இறக்கவில்லை. உட்காரவில்லை. திரையிடம் போனாள். ஓரத்தைப் பிடித்து இழுத்து முந்தானையைத் தேடினாள். மடிப்பைப் பிரித்து மறுமுனையையும் பார்த்தாள். வெட்டவில்லை என்று தெரிந்ததும் பழையபடி விட்டாள். நான் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கிக் குடித்தாள். நின்றுகொண்டே.

அப்புறம் அவள் கண் என்னுடைய மஞ்சள் நாற்காலியில் விழுந்தது. குனிந்து பார்த்தாள்.

"இத நெய்தது யாரு?"

"பக்கத்து வீட்டு அக்கா."

"ஒரு இழை தப்பியிருக்கு."

வாசலில் நின்றிருந்த அக்காவுக்கு அது கேட்டது. முகம் சுருங்கிப்போயிற்று. "ரெண்டு வருசமா எத்தினி பேரு குந்தியிருப்பாங்க. ஒருத்தரும் சொல்லல" என்றபடி உள்ளே வந்தாள். "எங்க?"

"இங்க பாரும்மா. மேல ரெண்டு, கீழ ஒண்ணு. இந்த வரிசையில மாறிப் போயிருக்கு. அதான் இந்த ஓரம் தொய்யுது."

"அப்ப நீயே போட்டுக் காட்டேன்."

அக்கா கோபமாகத்தான் சொன்னாள். அம்மாவுக்கு அது கோபமாகப் படவில்லை. தப்பான இழையைப் பார்த்துவிட்டு அம்மாவால் சும்மா இருக்க முடியாது. அது எனக்குத் தெரியும். பையைத் தோளிலிருந்து இறக்கினாள். பக்கத்தில் இருந்த ஒற்றைக் கை நாற்காலியைப் பார்க்காமலே இழுத்து அதில் உட்கார்ந்தாள். மஞ்சள் நாற்காலியைத் தன் முழங்கால்களுக்கு நடுவே சாய்த்துக்கொண்டு பட்டையின் முனையைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஸ்டீபன் கதவோரம் நின்றார். அக்கா தரையில் குந்தி அம்மாவின் விரல்களையே பார்த்தாள்.

"மேல ரெண்டு தாண்டி... அப்பால?"

"அடுத்த வரிசைக்கு ஒண்ணு தள்ளி ஆரம்பி. சாய்வா வரும் பாரு, படிக்கட்டு மாரி."

"ஆமா. ஆமாம்மே. வலையில இது இல்ல."

நாலு மணி பஸ் போய்விட்டது. யாரும் சொல்லவில்லை. பின்னி முடித்துவிட்டு அம்மா எழுந்தாள். வலது கை முழங்காலுக்குப் போயிற்று. இடது கை பக்கவாட்டில் போய்க் கைப்பிடியைப் பிடித்தது. எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் கைப்பிடியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு பக்கம்தான் இருக்கிறது என்பதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், அந்த இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, முகத்துக்கு நேராக.

"ராத்திரிக்கு இன்னா சமைக்கப் போற?" என்று கேட்டாள்.

அம்மா மூன்று நாள் இருந்தாள். அக்கா அந்த மூன்று நாளும், அதற்குப் பிறகு இன்னும் நாலு நாளும் என்னோடு சரியாகப் பேசவில்லை. தன் வேலையில் தப்பு இருந்தது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. வீட்டில் இருந்த எல்லா இருக்கைகளையும் பிரித்து, அம்மா காட்டியபடி மறுபடியும் பின்னினாள். "ஒரு வாரமா எனக்குக் குந்த எடமில்ல தங்கச்சி" என்று அண்ணன் ஜன்னல் வழியாகப் புலம்பினார்.

அதற்கு அடுத்த வருஷம் ஓனர் அந்த இடத்தைக் கிடங்கு கட்டுவதற்காக விற்றுவிட்டார். ஏழு வீட்டுக்காரர்களும் ஆளுக்கொரு திசையாகப் போகவேண்டியதாயிற்று. நாங்கள் செவ்வாப்பேட்டையில் வீடு பார்த்தோம். அக்காவின் தம்பி பழவேற்காட்டுப் பக்கம் தன் வீட்டை ஒட்டி ஒரு அறை போட்டுக் கொடுப்பதாகச் சொன்னான்.

சாமான் ஏற்றும் நாளில்தான் தெரிந்தது, அந்த உயரமான கட்டில் கதவு வழியாக வராது. அறைக்குள்ளேயே செய்தது. அக்கா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "ஊட்ட அளக்காம உட்டுட்டேன் பாரு" என்றாள். ஒரு மணி நேரத்தில் அது கட்டைகளாகப் பிரிந்து குட்டியானை வண்டியில் ஏறிவிட்டது.

மிச்சமிருந்தது அண்ணன். வேறு வழியில்லை, அவர் வெளியே வந்துதான் ஆகவேண்டும். ஸ்டீபனும் ஒடிசாக்காரரும் சக்கர நாற்காலியைச் சரிவுப் பலகையில் மெதுவாக இறக்கினார்கள். வரிசை முழுக்க வாசலில் நின்றது. ஐந்து மணி வெயிலில் தூசி மிதந்தது. அவர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தாடையை இறுக்கியபடி யாரையும் பார்க்காமல் இருந்தார். நாற்காலியோடு அவரைத் தூக்கி வண்டியின் பின்பக்கத்தில் வைத்தார்கள். நான்கு பக்கமும் கயிறு கட்டினாள் அக்கா. இப்போது அவர் எல்லோரையும்விட உயரத்தில் இருந்தார். யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணன் மெதுவாகத் தலையைத் திருப்பி ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார்.

"இன்னா, எல்லாரும் வாய தொறந்துகினு நிக்கறீங்க? நான் இன்னா ஓட்டு கேக்கவா வந்துக்கீறேன்?"

முதலில் சிரித்தது ஓனரின் மனைவி. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மொழி புரியாத ஒடிசாக்காரரும் சிரித்தார்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அப்போதுதான் அக்கா இன்னும் தரையில் நிற்பதைக் கவனித்தோம். முன்சீட்டில் தம்பியும் துணி மூட்டைகளும். பின்னால் கட்டைகள், பாத்திரங்கள், நடுவில் அண்ணன். அவள் தனக்கென்று ஒரு இடமும் வைத்துக்கொள்ளவில்லை. வண்டியையே பார்த்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"ஏறு" என்றார் அண்ணன்.

"எங்கய்யா ஏறறது?"

"என் மடி மேல குந்துமே. எனக்கு இன்னா தெரியவா போவுது?"

பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா எட்டி அவர் கையில் ஒரு அடி போட்டாள். டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் ஒருமுறை எங்களைப் பார்த்தாள். பிறகு பக்கப்பலகையில் கால் வைத்து ஏறி, கூச்சத்தோடு, மெதுவாக அவர் மடியில் உட்கார்ந்தாள். அண்ணன் ஒரு கையால் அவள் இடுப்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு மறு கையை எங்களைப் பார்த்து ஆட்டினார்.

"மெதுவா போ நைனா" என்று டிரைவரிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "ஒண்ணும் அவசரமில்ல."

வண்டி மதிலோரமாகத் திரும்பும்வரை அவளுடைய இரண்டு பாதங்களும் தரையிலிருந்து எவ்வளவோ உயரத்தில், எதன்மேலும் படாமல் ஆடிக்கொண்டே போயின.